நாலரை மீதி

பின்மூடியில் சன்னி என்றுதான் எழுத்து.
பெரியகல்லாற்றில் யாரும் அப்படி வாசிப்பதில்லை.
"சனியைக் காசு குடுத்து வாங்கின ஒரே ஆள் நீதாங்கா,
ஏழரை வருசம் ஆட்டாம விடாது" என்றா மாமி,
அது கயிற்றில் இழுபட்டு வந்த அன்று.
முன்னால் லாண்ட்மாஸ்ரர், பின்னால் ஊர்ப் பிள்ளைகள்,
நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான்.
கலியாணத்தில்கூட இவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை.

ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் வாவி.
இடையில் இரும்பை வைத்திருப்பவள் முட்டாள்.
கால்விரிப்பைக் கிளப்பினேன், கீழே மணல் தெரிந்தது.
ஒரு நண்டு நின்று பார்த்துவிட்டு
தன் வேலைக்குப் போனது.

கிழமை நாட்களில் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
ஆட்களின் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பரப்பி எண்ணுகிறேன்.
அங்கே கை நடுங்குவதில்லை.
இங்கே ஒரு போல்ட்.
மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊற விட்டேன்,
சூடு காட்டினேன், தட்டினேன், கெஞ்சினேன்,
அசைந்தது.
அசைந்தது தலை மட்டும்.

டோர்ச் பிடிப்பது தவநேசன்.
நான் பார்க்கும் இடம் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம்.
"இரும்பு, ஒட்சிசன், ஈரம். உப்பிருந்தா கெதியா நடக்கும்."
பத்து வருசம் ரியூசனில் சொன்னதை
என் முதுகுக்குச் சொல்வார்.
"வெளிச்சத்த இஞ்ச அடிங்க."
அடிப்பார், என் கண்ணுக்குள்.
அந்தச் சனிக்கிழமை தனித்தனியாய்ச் சாப்பிட்டோம்.
அடுத்த சனி, வாசலில் தொங்கிய ரியூசன் போர்டைத்
தானே கழற்றி வந்து வைத்தார்.
"தகரம் நல்ல மொத்தம், அளந்து பார்."
இப்போது என் காலடியில், விரிப்பின் கீழே,
உயர்தர இரசாயனவியல்
தலைகீழாய் வெல்டிங் பிடித்துக் கிடக்கிறது.

மருதமுனை ஜெசீல் நானாவிடம் காபரேற்றர் கேட்டால்
வேறொரு காரின் காபரேற்றரும் ஒரு பிளேன்டீயும் தருவார்.
"இது பொருந்தாது நானா."
"பொருந்தும் தங்கச்சி, கொஞ்சம் அராவினா."
மூன்று சனி அராவினேன்.
அதைப் பூட்டும்போது பத்தாம் நம்பர் நட்டு கைதவறி உள்ளே போனது.
ஒருமுறை ரிங் என்றது, மறுகா சத்தமே இல்லை.
கூட்டினேன், காந்தம் விட்டேன், படுத்துப் பார்த்தேன்.
எஞ்சினுக்கும் பூமிக்கும் நடுவில் இன்னோர் ஊர் இருக்கிறது.
என் நட்டுகள் அங்கே காணி வாங்கிவிட்டன.

விற்கத்தான் நினைத்தேன்.
அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வந்தார்,
சொன்னது நல்ல விலை.
சொல்லிக்கொண்டே டயரைக் காலால் உதைத்தார்.
விற்கவில்லை.

போன சனி, இரவு பத்தரை.
சாவியைத் திருப்ப, வழமைபோல் இருமியது.
இருமல் நிற்கவில்லை.
அது இருமல் இல்லை, ஓட்டம் என்று விளங்க
எனக்கு ஐந்து செக்கன் பிடித்தது.
மாமி தலையில் துவாயோடு வெளியே வந்தா.
தவநேசன் டோர்ச்சை வானத்துக்கு அடித்துக்கொண்டு நின்றார்.
பொனற் இல்லை, இடது கதவு இல்லை,
இரண்டாம் கியரில் பாலம் வரைக்கும் போனோம்.
கதவில்லாத பக்கத்தால் வாவிக் காற்று ஏறி
அவர் மடியில் குந்தியது.
"உப்புக் காத்து" என்றார்.
"தெரியும்" என்றேன்.
அதற்கு ஏன் அப்படிச் சிரித்தோம் என்று தெரியாது.

பாலத்தின் நடுவில், ரிங்.
நிறுத்தி இறங்கி, முழங்காலில் தேடினேன்.
டோர்ச் வெளிச்சம், அதிசயம்தான், சரியான இடத்தில்.
நட்டு. சுட்டது.
ஆனால் தொலைந்தது பத்து, இது பதினாலு.
எதிலிருந்து கழன்றதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
அது இல்லாமலே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
அதுதான் பயமாயிருந்தது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
வாங்கி மூன்று வருசம்.
மாமியின் கணக்கில் இன்னும் நாலரை.