பராமரிப்புக்காக மின்தடை

சோமனூரில் எட்டுத் தறி ஓடும் குடோனுக்குப் பின்சுவர்தான்
எங்கள் வீட்டுக்கு முன்சுவர்.
சோறு போடு என்பதையும் கத்தித்தான் சொல்வோம்.
அதனால் நெடுநாள் தெரியவில்லை
அம்மா யாரிடம் கத்துகிறதென்று.

"தறிக்குள்ளிருந்து மயிலூன்னு கூப்புடறாங்க கண்ணு,
உனக்குக் கேக்குதா?"

நாலாம் வகுப்பு நான்.
தகரக் கதவில் காதை வைத்தேன்.
டடக் டடக்கென்று ஓடுகிற எதிலும்
வேண்டிய பேரைப் போட்டுக்கொள்ளலாம்.
மயிலூ மயிலூ மயிலூ.
கேக்குதும்மா என்றேன்.
அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டது.
அப்படி அதற்கு முன்னும் கட்டியதில்லை,
பின்னும் இல்லை.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்தடை.
ஒன்பது மணிக்கு ஊரே வாயை மூடிக்கொள்ளும்.
கருமத்தம்பட்டி பஸ் கியர் மாற்றுவது கேட்கும்.
தம்பியின் கோலி
சிமெண்டுத் தரையில் உருள்வது கேட்கும்.
அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது.
கை நின்றது.
நின்றுபோன தறிகளின் பக்கம் திரும்பி
"வர்றனுங்க" என்றது.

அந்த 'ங்க'தான்.
அப்பாவிடம்கூட அத்தனை பணிவு கிடையாது.

பொறவு நான் வேறு பிள்ளை.
பள்ளிவிட்டு வரும்போது சந்துமுனையிலேயே
வாசலைப் படிப்பேன்.
தண்ணி தெளித்திருந்தால் ஒரு அம்மா,
காய்ந்து கிடந்தால் இன்னொரு அம்மா.
செருப்பு ஒற்றையாகக் கிடந்தால்
தம்பியை முதலில் எதிர்வீட்டில் விடோணும்.
ரேங்க் கார்டில் மயிலாத்தாள் என்று நானே போட்டேன்,
அம்மா போடுவதைவிட அழகாக.
டீச்சர் கேட்டால் அம்மாவுக்கு மஞ்சக்காமாலை.
இரண்டு வருசம் மஞ்சக்காமாலை.

பொறுப்பான புள்ள என்றார்கள்.
பத்து வயதில் யாரும் பொறுப்பாவதில்லைங்க,
பயந்துபோகிறோம்.
பயம் விடியக்காலம் எழுந்து
அரிசி களைகிறது.

எலுமிச்சை அறுத்தார் அப்பா, கயிறு கட்டினார்,
பாவு ஓட்டிய கூலியெல்லாம் தீர்ந்த பின்
கோயமுத்தூர் பெரியாசுபத்திரி.
டாக்டர் அம்மாவிடம் கேட்டார்,
அப்பாவிடம் கேட்டார்.
மருந்துச் சீட்டைப் பிடித்தபடி பெஞ்சில் இருந்த என்னை
ஒருத்தரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
நாந்தானுங்க பண்ணினேன்.
கேக்குதுன்னு சொல்லிப்போட்டேன்.

மாசம் ஒரு ஊசி.
இப்பக் கேக்கறதில்லை என்றது அம்மா,
எழவு வீட்டிலிருந்து வந்த முகத்தோடு.

தம்பி தெய்வசிகாமணி
போர்வெல் வண்டியேறிச் சத்தீஸ்கர் போனான்.
பாறையைக் குடைகிற சத்தத்தில்
நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.
ஊருக்கு வந்தால்தான் விடிய விடிய விழிப்பு.

எனக்கு முப்பத்தாறு.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் செக்சன்.
பின்னாலிருந்து யாராவது
கோகிலா என்றால்
உடனே திரும்ப மாட்டேன்.
எதிரே நிற்பவள் கண் நகர்கிறதா,
அவளுக்கும் கேட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான்
திரும்புவேன்.
திமிர் பிடித்தவள் என்று பேர்.

நேற்று மிக்ஸி ஓடும்போது
அம்மா என்றது ஒரு குரல்.
நிறுத்தினேன்.
ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.
நிலைப்படியில் மிதுனா.
"நாந்தாம்மா. மூணு தடவை கூப்புட்டேன்."
"நெசமாவா?"
"நெசமாத்தான்."

வேகமாகச் சொன்னாள்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்,
கையைப் பார்த்தாள்,
மறுபடி முகத்தை.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
செருப்பு ஒற்றையா ஜோடியா என்று பார்ப்பது அது.

இவளிடம் நான் ஒன்றுமே சொன்னதில்லை.
சொல்லாததையும் படிக்கிறாள்.

உக்காரு சாமி என்றேன்.
எங்கம்மாவுக்கு என்ன சீக்குன்னு சொல்றேன்,
அதுக்குப் பேரு இருக்குது.
யார் பண்ணினதும் இல்லை அது.

கடைசி வரியை
அவளுக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.
குரல் நடுவில் போய்விட்டது.
அரைபடாத தேங்காய்ச் சில்லை எடுத்துத் தின்றபடி
காத்திருந்தாள்.