மூன்றே முக்கால் கால்

வூட்ஜ் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஊரில் ஆற்றை மட்டும் பார்க்க முடியாது.
பஞ்சாலைக் காலத்தில் குழாய்க்குள் இறக்கி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
நவம்பர் மழையில்
சாக்கடை மூடிக்கு அடியில் ஏதோ முணுமுணுக்கும்,
அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில்.
இராப்பணிக்கு ஓர் ஆள் வேண்டும்.
நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து
யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
கதவு திறக்கும்வரை அவர்களோடு பேச.

விண்ணப்பம் இருநூற்றுப் பதினான்கு.
'வாடிக்கையாளர்' என்ற சொல்
மூன்று முறை வராததையெல்லாம் கணினி கழித்தது.
மிஞ்சியது ஏழு பேர்.
காலி இடம் ஒன்று, நாற்காலியும் ஒன்று.
மூடிப்போன கேன்டீனிலிருந்து எடுத்து வந்தது;
அதற்கு மூன்றே முக்கால் கால்.

செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்தேன்.
புது நாற்காலிக்கு மூன்று விலைப்புள்ளி வேண்டுமாம்.
இரண்டு வந்திருக்கிறது.

முதலில் ரதோஸ்வாஃப்.
உட்கார்ந்தான், ஒரு பக்கம் சாய்ந்தான்,
மேசையில் கையை ஊன்றினான், வெட்கப்பட்டு எடுத்தான்.
'உங்கள் பலவீனம் என்ன?' என்றார் இரெனேயுஷ்.
மறுபக்கம் சாய்ந்தான்.
படிவத்தில் எழுதினேன்: நிலைகொள்ளாதவர்.
அடுத்த இருவருக்கும் அதுவே.
பேனாவுக்குப் பழகிவிட்டது.

(ஒன்பது வருஷத்துக்கு முன் என்னை உட்கார வைத்தது
வேறு நாற்காலி. அது ஆடவில்லை.
அன்று என்னைத் தன்னம்பிக்கை உள்ள ஆள் என்றார்கள்.)

நான்காவது ஸ்ஜிஸ்வாவா, வயது ஐம்பத்தொன்று,
இருபத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டியவள்.
உட்கார்ந்தாள். ஆடியது. எழுந்தாள்.
தன் விவரக் குறிப்பின் கடைசித் தாளை உருவி
எட்டாக மடித்து, தரையில் மண்டியிட்டு,
குட்டைக் காலுக்கு அடியில் செருகத் தொடங்கினாள்.
போஸ்னானிலிருந்து திரையில் இருந்த வியோலெட்டா
'ஆளைக் காணோமே, இணைப்பு போய்விட்டதா?' என்று பதறினாள்.
'இங்கேதான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்,
இதோ வந்துவிட்டேன்'
என்றது மேசைக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

பிறகு கேள்விகள்.
பனியில் மின்சாரம் போன இரவு,
டிராமுக்குள் நாற்பது பேர், இரண்டு மணி நேரம்.
என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?
'ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன்' என்றாள்.
அப்புறம்?
'அப்புறம் கரண்ட் வந்தது.'
ஒரு சதவீதமாவது வருமென்று
இரெனேயுஷ் பேனாவோடு காத்திருந்தார்.

படிவத்தில் குரலுக்குக் கட்டம் இல்லை.
ஆவணங்களுக்கு இருந்தது:
ஒரு பக்கம் குறைகிறது.
நான்கு மதிப்பெண் போயிற்று.

ஐந்தாவதாக வந்த காஸ்பர்
மலைபோல் உட்கார்ந்தான்.
'என்ன நிதானம்!' என்றது திரை.
நல்ல பையன்தான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்
எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று.
ஆறாவதும் ஏழாவதும்கூட ஆடவில்லை;
அதற்குள் அவர்களுக்குப் பசி வந்துவிட்டது.

நான் வாயைத் திறந்திருக்கலாம்.
குறிப்பெடுப்பவருக்கு அபிப்பிராயம் கிடையாது
என்று சொல்லிக்கொண்டு கோப்பைகளைக் கழுவினேன்.

மாலையில் ஆறு பேருக்கு மடல் போனது.
'தங்கள் விவரங்களை எதிர்கால வாய்ப்புகளுக்காகப்
பத்திரமாக வைத்திருப்போம்.'
எல்லோருக்கும் அனுப்பும் வாசகம்.
ஒருத்திக்கு மட்டும் அது பொய்யில்லை.
இன்னும் இருக்கிறது, எட்டு மடிப்பாக.

ஜனவரியில் என் குடியிருப்பு லிஃப்ட்
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது.
கையில் பாலும் உருளைக்கிழங்கும்.
பொத்தானை அழுத்தினால் காஸ்பர்.
கடமை தவறாமல் பதினோரு இலக்க எண்ணைக் கேட்டான்.
அது கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறது என்றேன்.
தாள்கள் புரளும் சத்தம்.
அப்புறம் அவன் குரல் ஆடியது,
முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
அங்கே எந்த நாற்காலியைப் போட்டிருக்கிறார்களோ.

பாலைக் கீழே வைத்தேன்.
'இங்கேதான் இருக்கிறேன்' என்றேன்.
'பயப்படாதே.'