வினைச்சொல் கடைசியில்

விடிய மூன்று மணிக்குக் கரண்டு வரும்,
ஏழுக்குப் போய்விடும்.
அதற்குள் மோட்டார் போடணும், சோறு பொங்கணும்,
கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றணும்,
பத்துக் காஞ்ஜி எழுத்தைப்
பத்துப் பத்துத் தடவை எழுதணும்.

யாங்கோன், தாம்வே,
டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
நாற்பது பேருக்கு ஒரு ஜன்னல்.
எய் பியூ டீச்சர் ஒசாகாவில் ஆறு வருஷம்
பிறத்தியார் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர்.
பலகையில் எழுதினார்: எங்கே வலிக்கிறது?
தோக்கோ கா இத்தாய் தெஸ் கா.

கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழெழுத்து
மளிகைச் சீட்டைத் தாண்டி எதற்கும் உதவியதில்லை.
இப்போது நோட்டின் ஓரத்தில் ஒளிந்து வேலை செய்கிறது.
வலி என்பதற்கு இத்தாய் என்று குறித்துவைத்தேன்.
மறுநாள் பிரித்தால்
அது வேறென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

பாஸ்போர்ட்டில் நான் மா கின் சான் வே.
வீட்டில் செங்கமலம்.
டீச்சர் அதைக் கத்தக்கானாவில் எழுதிக் காட்டினார்.
அவர்களிடம் ல இல்லையாம், ர-வாம்;
மெய்யில் முடித்தால் வாய் மூடாதாம்,
பஸ்ஸை நாம் பஸ்ஸு என்கிறோமே, அதே உகரம் வேண்டுமாம்.
செங்கமராமு.
தாமரையை மரமாக்கிவிட்டார்கள்.
பரவாயில்லை, மரத்துக்குச் சம்பளம் அதிகம்.

தனாக்கா சானுக்கு வயது எண்பத்து நாலு,
இடப்பக்கம் விளங்காது.
கன்னத்தில் பூசுகிற தனக்காவா என்று
முதல் நாள் வகுப்பே சிரித்தது.
அவராகப் பெஞ்சில் படுப்பவன் ஸோ மின் டெட்,
இருபத்து மூன்று.
முனகலில் அவனை மிஞ்ச ஆளில்லை.
முழங்கையைப் பிடித்து, எழுப்பட்டுமா என்பேன்.
ஜப்பானியத்தில் திட்டுவான்,
பாடத்தில் இல்லாத சொற்களால்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சு காலி.
டீச்சர் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.
பின்வரிசைப் பெண் ஒருத்தி,
குனிந்தபடியே,
"ஸோ மின் டெட்டை, நேற்று ராத்திரி,
பஸ் நிறுத்தத்தில்"
என்றாள்.

பர்மியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான்.
தமிழிலும்.
டிசம்பரில் பரீட்சை எழுதப்போகிற மொழியிலும்.
மூன்றிலும் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்,
இலக்கணப் பிழை மட்டுமே ஆகும்.

டீச்சர் ஒரு பாயைச் சுருட்டிப் பெஞ்சில் வைத்தார்.
பாயிடம் கேட்டோம், வரிசையாக, நாற்பது பேர் இல்லை,
முப்பத்தொன்பது பேர்:
எங்கே வலிக்கிறது?

இப்போது மணி மூன்றே கால்.
கரண்டு வந்திருக்கிறது.
கைப்பேசியை உதட்டருகே வைத்து
அதே வாக்கியத்தைச் சொல்கிறேன்.
கேட்கவில்லை, உரக்கச் சொல்லவும் என்கிறது.
மறுபடி சொல்கிறேன்.
கேட்கவில்லை என்கிறது.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
தம்பி தூங்குகிறான்.
தை பிறந்தால்
பதினெட்டு.