கேள்வி பதினேழு

லேவார்டனில் மழை.
மாடியில் அலீடா, கீழே ஷூர்ட்.
ஒரே வீடு, ஒரே வைஃபை,
நடுவில் பதின்மூன்று படிகள்.

கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை.
எதிர்த்தரப்பு தட்டச்சு செய்கையில்
மூன்று புள்ளிகள் துடிக்கும், அவ்வளவுதான்.
சமரசம் பேசுபவர் உட்ரெக்டில் இருக்கிறாராம்;
செவ்வாய்தோறும்
ஒரு பச்சைப் பொட்டாக வந்துபோகிறார்.

வீட்டுக்கடன் பாதிப் பாதி.
படகு அவனுக்கு.
ஒற்றைப்படை வாரங்களில் நிங்கே அம்மாவிடம்.
ஐம்பத்து மூன்றாம் வாரம் முடிந்து
உடனே ஒன்றாம் வாரம் வந்தால்?
அவன் கேட்டு ஒன்பது நாளாயிற்று.

கேள்வி பதினேழு:
இவரிடம் இன்னும் நீங்கள் மதிக்கும் ஒன்று.
விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பவும்.

தாண்டிப் போகத்தான் இருந்தாள்.
எழுதினாள், அழித்தாள்,
மறுபடி எழுதினாள்:
"உறைந்த கால்வாயில் நான் வழுக்கி விழுந்தபோது
சிரித்து முடித்த பிறகுதான் கை கொடுத்தான்.
நடிக்க வராது அவனுக்கு."

அனுப்பினாள்.

தரைப்பலகைக்கு அடியிலிருந்து
ஒரு சிரிப்பு,
அடக்கப் பார்த்து முடியாத சிரிப்பு,
படியேறி வந்து சேர்ந்தது.
அதற்கப்புறம்தான் திரை சொன்னது:
படித்துவிட்டார்.

பச்சைப் பொட்டு
சற்றே காத்திருந்தது.

கேள்வி பதினெட்டு:
நாய்.