இரண்டாவது பெட்டி

எப்போதும் இரண்டு பெட்டி கட்டுவேன்.
ஒன்று பிசகினால் கைக்கு இன்னொன்று.
விதி அப்படி.
விதி என்றால் மாகாண அரசின் சுற்றறிக்கை,
பக்கம் ஆறு.

குழல்களில் எண் ஒட்டி வரிசையாக வைப்பேன்.
அவற்றில் ஒன்று பால் நிறம்.
அதை நிரப்பும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகும்.
பத்தொன்பது வருடம் மருந்து எண்ணிய கை.

சீட்டில்:
ஆம்புரோஸ் டிசர்ட், வயது எழுபத்தொன்று,
ட்வில்லிங்கேட், படகுத்துறைக்கு மேல் மஞ்சள் வீடு.
செவ்வாய், காலை பத்து.
கட்டணம் இல்லை.

இதே பெயருக்குப் போன நவம்பரில்
இன்னொரு தாளும் நான்தான் அனுப்பினேன்:
எச்சில் வழிவதை நிறுத்தும் மருந்து பட்டியலில் இல்லை,
சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளவும்.
படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கும் கருவிக்குக் காத்திருப்பு வரிசை.
கருவி என் துறை இல்லை.
இருந்தும் கேட்டேன்.
“பதினோராவது இடம்” என்றாள் போனில் ஒருத்தி,
பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல.

சாப்பாட்டு அறையில் இதே பேச்சு.
டாக்டர் கியோ சொன்னார்:
“வாயைத் திறந்து கேட்கிறார். கேட்டதைக் கொடுக்கிறோம்.
மூச்சுக்கு மூச்சு திணறித்தான் சாகவேண்டும் என்பது
யார் வீட்டுச் சட்டம்?”
ஃபிலொமினா கோப்பையைக் கழுவியபடி:
“அவர் முதலில் கேட்டது கருவி.
அது வந்திருந்தால்?”
“வந்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பார்.”
“தெரியுமா?”
மைக்ரோவேவ் மணியடித்தது.
யாருடைய மீன் சூப்போ, எடுக்க ஆளில்லை.
இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது.
இரண்டு கடையிலும் செல்லாத காசு நான்.

படிவத்தின் கடைசிக் கட்டம், நோயாளியின் கூற்று.
அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது,
மூன்றே சொல்:
போதும். மரினாவைக் கேட்காதீர்கள்.

செவ்வாய் ஒன்பது இருபதுக்கு அந்த மரினாவே அழைத்தாள்.
“அப்பா இன்றைக்கு வேண்டாம் என்கிறார்.
கேப்லின் வந்துவிட்டது.”

விரல் நீள மீன்.
வருடத்தில் சில நாள் அலையோடு அலையாகக் கரையேறி
கூழாங்கல்லில் முட்டையிட்டு
பாதி அங்கேயே செத்துக் கிடக்கும்.
ஊரே வாளியோடு ஓடும்.
நண்டுப் படகுப் பையன்கள் நாலு பேர்
ஒரு பழைய கதவைக் கழற்றி
அதன்மேல் மெத்தை போட்டு
அவரை அலை தொடும் தூரத்துக்குத் தூக்கிப்போனார்களாம்.
நாலு மணி நேரம் இருந்தாராம்.
சிரித்தாரா என்று நான் கேட்டேன்.
முகத்தில் அதற்கான தசை இல்லை என்றாள்.

பெட்டிகள் திரும்பி வந்தன, முத்திரை கலையாமல்.
நிரப்பியதை வைத்திருக்க முடியாது. அழிக்கவேண்டும்,
இரண்டு கையெழுத்தோடு.
அந்த மாலை பணியில் இருந்தது ஃபிலொமினா மட்டும்.
மனசாட்சி காரணமாக விலக்கு என்று
அவள் கோப்பில் ஒரு தாள் உண்டு.
இந்தப் பெட்டியை அவள் தொட்டதில்லை.
நான் கேட்கவும் இல்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டாள், கண்ணாடி மாட்டினாள்.
“ஊற்று. எண்ணுகிறேன்.”
இரண்டு பெட்டியையும் எண்ணினாள்.
குழாய் கழுவும் உப்புநீரைக்கூட விடவில்லை.
கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிது.
“இதற்கு எத்தனை தரம் கூப்பிட்டாலும் வருவேன்.
வேறு தேதி கேட்டாரா?”
“இன்னும் இல்லை” என்றேன்.

சீட்டு என் கோட்டுப் பையில் இருந்தது.
அடுத்த வெள்ளி, காலை பத்து.
கட்டணம் இல்லை.

அவள் போனதும் கருவி அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டேன்.
ஒன்பதாவது இடம் என்றார்கள்.
வரிசை நகர்கிறது.
முன்னால் நின்ற இரண்டு பேருக்கும்
கருவி வந்துவிட்டதா என்று
நான் கேட்கவில்லை.