முதல் அரை நொடி

இரைச்சலைக் கழிக்க
இரைச்சல் எதுவென்று முதலில் தெரியவேண்டும்.
வழக்கமான ஏற்பாடு இது:
பதிவின் முதல் அரை நொடியில் யாரும் பேசமாட்டார்கள்,
பீப் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள்.
அப்போது கேட்பது அறை மட்டும்தான்.
அதை அளந்து
மிச்சப் பேச்சு முழுவதிலிருந்தும் கழித்துவிடு.
நான்காம் செமஸ்டருக்கு நானே நடத்தும் பாடம்.

பேச்சாளர் 07.
மாசானம், வயது ஐம்பத்தெட்டு.
இருபத்தாறு வருஷம்
ஜங்ஷன் – சமாதானபுரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.
போன ஐப்பசியில் பக்கவாதம்.
வலது கையும் நாக்கில் பாதியும் போச்சு என்று
அவர் மனைவி உலகம்மாள் எழுதச் சொன்னாள்.
படிவத்தில் நாக்கில் பாதிக்குக் கட்டம் இல்லை.

பாளையங்கோட்டையில்
கல்லூரியின் பழைய ஸ்டோர் ரூம்.
சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டி
சித்திரை வெக்கையில் விசிறியை நிறுத்திப் பதிவு செய்தேன்.
பம்பரம், தக்காளி, யானை –
என் பட்டியலை இடது கையால் ஒதுக்கினார்.
சரி, உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள் என்றேன்.

ஜங்ஷன். ஆத்துப்பாலம். வண்ணார்பேட்டை.

திரையில் பார்த்தால்
நம் 'ட்'டில் ஒரு வெள்ளைக் கோடு விழும்,
நாக்கு அண்ணத்தை மூடித் திறக்கும் இடைவெளி.
அவருடையதில் அந்த இடம் சாம்பல்;
கதவு முழுதாகச் சாத்தவில்லை.
அது பரவாயில்லை. அதற்குத்தானே இந்த ஆராய்ச்சி.

ஆனால் கழித்தபின் ஆளே இல்லை.
நாற்பது பதிவு, நாற்பதிலும்
கிணற்றுக்குள் யாரோ ஈரத்துணி பிழிகிற சத்தம்.
மற்ற பதினொரு பேருக்கும் ஒழுங்காக வருகிறது.
மைக்கை மாற்றினேன். வயரை மாற்றினேன்.
மூன்று வாரம் எண்களைத் திருகிக்கொண்டிருந்தேன்.
ஆய்வு மாணவன் பிரம்மநாயகம்
"07-ஐ விட்டுடலாம் மேடம், அட்டவணையில ஒரு வரிதானே" என்றான்.

ஒரு ராத்திரி
கழிக்காத மூலப்பதிவை ஹெட்ஃபோனில் கேட்டேன்.
முதலிலேயே செய்திருக்கவேண்டிய வேலை.

பீப்புக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறார்.

பஸ் நின்றபிறகு ஊர்ப்பேர் சொல்கிறவன்
என்ன கண்டக்டர்?
பாலம் இறங்கும்போதே வண்ணார்பேட்டை சொல்லியாகவேண்டும்,
கூடைக்காரி எழுந்து கம்பியைப் பிடிக்க நேரம் வேண்டும்.

ஆக அந்த அரை நொடியில் இருந்தது அவர்.
என் நிரல் அவரை அளந்து
இதுதான் இரைச்சல் என்று குறித்துக்கொண்டு
அவரிலிருந்து அவரைக்
கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கடைசி அரை நொடியை எடுக்கலாமென்று போனேன்.
அங்கே "போலாம்" என்கிறார்
ஒவ்வொரு தடவையும்,
இல்லாத டிரைவருக்கு.

நடுவில்தான் கிடைத்தது.
வண்ணார்பேட்டைக்கும் முருகன்குறிச்சிக்கும் இடையில்
ஒன்றேகால் நொடி.
பேர் வரவில்லை. தேடுகிறார்.
அங்கே மட்டும் அறை தனியாகக் கேட்டது:
ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரம்,
மதிலுக்கு அப்பால் ஐஸ்வண்டி மணி.

அதைக் கழித்தேன். குரல் வந்தது.
ஒரு மனிதன் திணறிய இடத்தை எடுத்து
அவன் மற்ற பேச்சையெல்லாம் துடைக்கலாமா என்று
எந்த ஆய்வேட்டிலும் இல்லை. நானும் எழுதவில்லை.
"இடைவெளி தானாகக் கண்டறியப்பட்டது" என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள்.
புதிதாகச் சொல்லச் சொல்லி, ரெகார்டரை ஓடவிட்டுத்
திரையில் காட்டினேன். இயந்திரம் எழுதியது:

ஜங்ஷன் ஆத்துப்பாலம் வண்ணார்பேட்டை முருகன் குருவி

வெகுநேரம் பார்த்தார்.
பிறகு வாயை ஒரு பக்கமாக இழுத்து
ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார்:
"அங்கன… எறங்க… ஆளே இல்லம்மா."

உலகம்மாள் சிரித்த சிரிப்பில்
ஊசி சிவப்புக்குப் போய்த் திரும்பியது.
பீப் இன்னும் அடிக்கவேயில்லை.