பதினேழாம் அடி

டூர்க்கு நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
ஆற்றில் பனித்தகடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன,
யார் முதலில் போவதென்று தெரியாமல்.

ரைலி ஹக்கோலா வெண்பலகையில் இரண்டு வட்டம் போட்டாள்.
இது தருகிறவன். இது பெறுகிறவன்.
நடுவில் ஒரு கோடு, வாய்க்கால்.
தண்ணீர் கிடையாது. கரை கிடையாது.
ஒரு கணம்தான் அதன் அகலம்.

இந்த ரன்டைமில் தபால்பெட்டி வைக்கக்கூடாதென்று
ஆரம்பத்திலேயே முடிவு.
தருகிறவன் கையை நீட்டினால்
பெறுகிறவன் வரும்வரை நீட்டியபடியே நிற்கவேண்டும்.
"கை வலிக்காதா?" என்றான் தபானி.
"வலிக்காது. அதுதான் சிக்கல்."

தபானி ஒன்று புதிதாகச் சேர்த்திருந்தான்:
வாசலையே பொட்டலம் கட்டி
இன்னொரு வாசல் வழியே அனுப்பலாம்.
பிரித்தால் உள்ளே ஒரு கதவு.
கதவுக்கு அப்பால்
பெற்றவன் கேள்விப்பட்டேயிராத யாரோ.
அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்.
மூன்று வாரமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தான்.

சரிபார்ப்பான் இரவெல்லாம் ஓடியது.
நாற்பத்தொரு லட்சம் நிலைகள்.
ரைலி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது
நின்றது.

பதினாறு அடிவரை எல்லாம் ஒழுங்கு.
பதினேழில்,
வாசலைக் கொடுத்துவிட்டவன்
கொடுத்ததை மறந்து அதிலேயே காது வைத்திருக்கிறான்.
வாங்கியவனும் அங்கேதான் காது வைத்திருக்கிறான்.
பிழைச்செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை.
இருவரும் வெகு மரியாதையாக
மற்றவர் பேசட்டும் என்று.

இதை எழுதும் மொழியில்
துறைமுகத்துக்கு முகம் உண்டு,
வாய்க்காலுக்கு வாய் உண்டு.
இங்கே இரண்டு காது. வாய் எங்கே?
அவர்கள் மொழியில் இதற்கு லுக்கியுமா என்று பெயர்.
ரைலி அதைப் பலகையின் ஓரத்தில் எழுதி
ரொட்டியைக் கடித்தாள்.
தபானியைப் பார்க்கவில்லை.
வாசல்கள் அவனுடையவை என்று அவளுக்குத் தெரியும்.

ஆறரைக்கு அவன் படகுத்துறைக்கு இறங்கினான்.
படகு எதிர்க்கரையில், விளக்கெரிய.
படகோட்டி அங்கே ஆள் வருமென்று நிற்கிறான்.
இவன் இங்கே படகு வருமென்று நிற்கிறான்.
தபானி கையசைத்தான்.
அவனும் அசைத்தான்.
படகு அசையவில்லை.

மாதிரியில் எங்கும்
கத்துவதற்கென்று ஓர் அம்புக்குறி போடவில்லை.
யாருக்கும் தோன்றவில்லை.
தபானி முகத்துணியைக் கீழே இழுத்தான்.
குளிர் பல்லில் ஏறியது.

"ஹோய்!"

எங்கோ ஒரு ஜன்னல் திறந்து திட்டியது.
எஞ்சின் இருமிற்று.